டெண்டர் முடிந்த பிறகு

அரசு ஒப்பந்தம் என்றதும் எல்லாரும் பார்ப்பது டெண்டரைத்தான். எத்தனை பேர் போட்டார்கள், எல்-1 (குறைந்த விலை கேட்டவர்) யார், வேலை யாருக்குப் போனது. 1998-இல் தமிழ்நாட்டில் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் வந்தது, 2000-இல் அதற்கான விதிகள் வந்தன, இப்போது ஆன்லைனிலேயே விலைப்புள்ளி. சரி, நல்லதுதான். ஆனால் பொதுப்பணிக் கோட்ட அலுவலகத்தில் கோட்டக் கணக்கராகக் காலம் முழுக்க பில் பார்த்தவன் சொல்கிறேன்: அரசு மாட்டிக்கொள்வது பெரும்பாலும் உடன்படிக்கையில் கையெழுத்தான பிறகுதான்.

ஒரு பாலம் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். மின்கம்பத்தை மாற்றித் தரவில்லை, நிலம் பாதிதான் கையில் இருக்கிறது. இதனால்தான் வேலை தாமதம் என்று ஒப்பந்ததாரர் மாதம் தவறாமல் கடிதம் போடுவார். அதை எழுதித் தருபவர் பல நேரம் துறையில் ஓய்வு பெற்ற பொறியாளர்தான். எந்த ஷரத்தைச் சொல்லி எழுதினால் பின்னால் உதவும் என்பது அவருக்கு அத்துப்படி. நம் பக்கம் இருப்பவர் டி.என்.பி.எஸ்.சி. எழுதி வந்த உதவிப் பொறியாளர். டிசைனில் கெட்டிக்கார பிள்ளை. ஆனால் ஒப்பந்தத்தின் பொது நிபந்தனைகளை அவரோடு உட்கார்ந்து படித்தவர் யாருமில்லை. கடிதம் பதில் இல்லாமல் ஃபைலுக்குள் போகும். சில வருடம் கழித்துத் தகராறு முற்றி, நீதிமன்றத்துக்கு வெளியே தீர்ப்புச் சொல்லும் நடுவர் முன் அந்தக் கடிதங்கள் வரிசையாக வந்து நிற்கும். அதற்குள் அந்த உதவிப் பொறியாளருக்கு வேறு மாவட்டத்துக்கு மாற்றல் ஆகியிருக்கும். புதிதாக வந்தவர் ஃபைலைப் புரட்டிவிட்டு விழிப்பார்.

அஸ்திவாரம் தோண்டுவதிலும் இதே கூத்து. மண் என்று எஸ்டிமேட், கடினப் பாறை என்று பில். தோண்டுமுன் லெவல் எடுத்து, எந்த ஆழத்தில் பாறை வந்தது என்று எம்.புக்கில் (அளவுப் புத்தகம்) அன்றன்றைக்கே எழுதியிருந்தால் பேச்சே இல்லை. மூடிய பள்ளத்தை யார் திரும்பத் தோண்டிப் பார்ப்பது?

2024 ஜூனில் மத்திய நிதியமைச்சகம் ஒரு சுற்றறிக்கை விட்டது. பெரிய ஒப்பந்தங்களில் நடுவர் தீர்ப்பு முறையை வழக்கமாகச் சேர்க்க வேண்டாம், சேர்த்தாலும் 10 கோடி ரூபாய்க்குக் குறைந்த தகராறுகளோடு நிறுத்தலாம் என்றது. அரசு அதிகாரிகள் மாற்றலாகிக்கொண்டே இருப்பதால் வழக்கின் விவரம் அவர்களுக்குத் தெரிவதில்லை என்று காரணமும் சொன்னது. நோய் சரியாகப் பிடிபட்டிருக்கிறது. மருந்துதான் எனக்கு ஒப்பவில்லை. விவரம் தெரிந்த ஆளை உருவாக்குவதை விட்டுவிட்டு, விவரம் கேட்கும் இடத்தையே சுருக்கினால் எப்படி?

ஆளைத் தயார் செய்வது நமக்குத் தெரியாத வேலையும் இல்லை. மாநிலக் கணக்காயர் அலுவலகம் கோட்டக் கணக்கர்களுக்குப் பயிற்சி கொடுத்து, துறைத் தேர்வு வைத்து, அப்புறம்தான் நிரந்தரம் ஆக்குகிறது. பொதுப்பணிக் கணக்கு விதிகளைக் கரைத்துக் குடிக்காமல் அதில் தேற முடியாது. (தேர்வு முடிவு வரும்வரை தூக்கம் வராது, அது தனிக்கதை.) 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகமும் மருந்து வாங்குவதையே முழுநேரத் தொழிலாகச் செய்கிறது. வந்த மருந்தின் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்ப்பதும் அங்கே அன்றாட வேலை.

என்னைக் கேட்டால், பல கோட்டங்களுக்கு மேலே இருக்கும் ஒவ்வொரு வட்ட அலுவலகத்திலும் ஒப்பந்தத்துக்கென்றே பயிற்சி பெற்ற ஒரு பொறியாளர் வேண்டும். பெரிய வேலை என்றால் இறுதி பில் வரை அவரை மாற்றக் கூடாது. ஒப்பந்ததாரர் கடிதம் வந்தால், ஷரத்தைக் காட்டி உடனே பதில் எழுதுவது அவர் பொறுப்பு. ஒழுங்காக வேலை செய்யும் ஒப்பந்ததாரர்களும் இதற்குச் சந்தோஷப்படுவார்கள். "கூடுதல் அவகாசம் கிடையாது" என்று பதில் வந்தால்கூட அவர்கள் ஆளையும் மிஷினையும் வேறு சைட்டுக்குத் திருப்பலாம். பதிலே வராவிட்டால் ஆளும் மிஷினும் சும்மா நிற்க, அவர்கள் கடனுக்கு வட்டிதான் ஓடுகிறது.