பென்டனின் கோதுமை வயலைக் களிமண்ணில் செய்து பார்த்தேன்

அமெரிக்க ஓவியர் தாமஸ் ஹார்ட் பென்டன் பெரிய படம் எதையும் நேரே வரையத் தொடங்க மாட்டார். மனிதர்கள், மேடு பள்ளம், மரம் எல்லாவற்றையும் முதலில் களிமண்ணில் சின்னதாகச் செய்துகொள்வார். எங்கே வெளிச்சம், எங்கே நிழல் என்று அதில் பார்த்துத் தீர்மானித்த பிறகுதான் வண்ணம். பதினாறாம் நூற்றாண்டு வெனிஸில் ஓவியர் டின்டொரெட்டோ மெழுகு பொம்மைகளை வைத்துப் படத்தை அமைத்த வழியும் இதுதான். ஒரு தடவையாவது இந்த முறையை முழுசாகச் செய்து பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. இப்போது முக்கால்வாசி தாண்டிவிட்டேன்.

எடுத்துக்கொண்டது 1938-இல் அவர் வரைந்த கோதுமை அறுவடைப் படம். மூலம் செயின்ட் லூயிஸ் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிழக்கு டென்னசி மலைப்பகுதியில் அவர் 1928-இல் போட்ட கோட்டோவியத்திலிருந்து வளர்ந்த படம் அது. சமவெளியில் அறுவடை எந்திரம் வந்து பல காலம் ஆகியிருந்தாலும் அந்தச் சரிவுகளில் எந்திரம் ஏறாது. அதனால் ஆட்கள் கையால்தான் அறுத்தார்கள். அவர்கள் கையில் இருப்பது வெறும் நீள அரிவாள் இல்லை. அலகுக்கு மேலே அதே வளைவில் மர விரல்கள் வரிசையாக இருக்கும். வீசி அறுக்கும்போது தாள்கள் அந்த விரல்களில் சாய்ந்து விழும். அப்படியே ஒரு பக்கமாகக் கொட்டினால் கதிர்கள் ஒரே திசையில் கிடக்கும், பின்னால் வருபவர் கட்டாகக் கட்டிவிடலாம். இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் அந்த உடம்புகளை வரையவே முடியாது என்பது களிமண்ணில் கை வைத்ததும் புரிந்தது. எடை முழுக்க ஒரு பக்கம் இழுக்கும். இடுப்பு அதற்கு எதிராகத் திரும்பியே ஆக வேண்டும்.

காய்ந்து வெடிக்காது என்பதால் எண்ணெய்க் களிமண்ணைத்தான் பயன்படுத்தினேன். இங்கே பென்டனின் சூட்சுமம் ஒன்று பிடிபட்டது. ஆட்களை முழு உருண்டையாகச் செய்து, தரையைப் படுக்கையாக வைத்தால் இந்தப் படம் வரவே வராது. முன்னால் நிற்பவர்கள் ஒருவரை ஒருவர் மறைத்துவிடுவார்கள். அவர் செய்தது புடைப்புச் சிற்பம் மாதிரியான அமைப்பு. தரையை நன்றாகச் சாய்த்து, பின்னால் போகப் போக உருவங்களைத் தட்டையாக்கி மேலே ஏற்றினேன். அப்புறம்தான் வயல் எழுந்து நின்றது. விளக்கை இடப்பக்கம் தாழ வைத்ததும் குனிந்த முதுகின் கோடும் பின்னால் இருக்கும் குன்றின் கோடும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஓடின. பென்டன் உடம்புகளை அளவுக்கு மீறி முறுக்குகிறார் என்று அவர் காலத்திலிருந்தே குறை சொல்கிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த முறுக்கு நிலத்திலேயே தொடங்குகிறது, ஆட்கள் வழியாக அது தொடர்கிறது. அவரிடம் படித்த ஓவியர் ஜாக்சன் பொல்லாக் பிற்பாடு உருவங்களையே விட்டுவிட்டாலும், அவருடைய கோடுகளின் சுழற்சியில் எனக்குப் பென்டன் தெரிகிறார்.

பலகை சாதாரண ஹார்ட்போர்டு. படத்துக்கு அடியில் பூசும் வெள்ளைப் பூச்சுதான் ஜெஸ்ஸோ. கடையில் வாங்கிய அக்ரிலிக் ஜெஸ்ஸோ, முட்டை மஞ்சள் கருவில் நிறமி கலக்கும் முட்டை வண்ணத்துக்கு ஒத்துவராது, போதுமான அளவு உறிஞ்சாது. சீமைச் சுண்ணாம்புத் தூளையும் தோல் பசையையும் வெந்நீர்ச் சூட்டில் கலந்து, மெல்லிய பூச்சாகப் பல தடவை பூசி, உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டேன். தேய்த்து முடித்த பரப்பு தந்தம் போல இருந்தது. அதன் மேல் தூரிகை வைக்கவே மனசு வரவில்லை.

முட்டை வேலை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மஞ்சள் கருவை வெள்ளை ஒட்டாமல் காகிதத்துண்டில் மெதுவாக உருட்டி, மேல்தோலை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக் குத்தினால் உள்ளே இருப்பது மட்டும் கிண்ணத்தில் இறங்கும். தோலைத் தூக்கிப் போட்டுவிடலாம். அதே அளவு தண்ணீர், தண்ணீரில் அரைத்த நிறமி, அவ்வளவுதான். நொடிகளில் காய்ந்துவிடும், ஈரத்தோடு இழைத்துக் கலக்க வழியில்லை. மெல்லிய தூரிகையால் கோடு கோடாகத்தான் நிழலைக் கட்ட வேண்டும். கோதுமைக்கு இது வரப்பிரசாதம். மஞ்சள் காவியில் ஒரு அடுக்கு, வெள்ளை கலந்து அதன்மேல் ஒரு அடுக்கு என்று போட்டால் தாள்கள் தனித்தனியாக நிற்கின்றன. மேகங்கள்தான் படுத்துகின்றன, இன்னும் மென்மை வரவில்லை.

1930-31-இல் நியூயார்க்கின் நியூ ஸ்கூல் என்ற கல்வி நிறுவனத்துக்காகப் பென்டன் பத்துப் பலகைகளில் ‘அமெரிக்கா டுடே’ சுவரோவியத்தைச் செய்தார். உருக்காலை, பருத்தி வயல், சுரங்கப் பாதை ரயில் எல்லாம் அதில் உண்டு. அதற்குக் கூலி கிடையாது, வண்ணம் கலக்க முட்டை மட்டும் நிறுவனத்தார் கொடுத்தார்கள் என்பது பிரபலமான செய்தி. எத்தனை முட்டை செலவாகியிருக்கும் என்று இப்போது ஓரளவு கற்பனை செய்ய முடிகிறது. இன்று அது மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஓர் அறை முழுக்க நிற்கிறது.

அந்தச் சுவரோவியத்தில் செய்ததுபோல முட்டை வண்ணத்தின் மேல் எண்ணெய் வண்ணத்தை மெல்லிய பூச்சாக ஏற்றுவது அடுத்த கட்டம். ஓரத்துத் துண்டில் மட்டும் சோதித்தேன். குன்றின் நிழல் பக்கத்தில் நீர்த்த பழுப்பு ஏறியதும் முட்டை வண்ணத்தின் வறட்சி போய் ஆழம் வந்துவிட்டது. முழுப் படத்துக்கும் ஏற்றுவதற்கு முன் கீழ்ப்பூச்சு இன்னும் இறுகட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.

இது முடிந்ததும் அமெரிக்காவின் அயோவா மாநில ஓவியர் கிராண்ட் வுட் பக்கம் போவதாக உத்தேசம். அவருடைய 1934-ஆம் ஆண்டுப் படம் ஒன்றில், கதிரடிக்க வந்த அக்கம்பக்கத்தார் பண்ணை வீட்டில் வரிசையாக உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிடுகிறார்கள். எல்லாருக்கும் முகம் வெயிலில் சிவந்திருக்கிறது, தொப்பி மறைத்த நெற்றி மட்டும் வெளுப்பு. அந்த இரண்டு நிறமும் சந்திக்கும் கோட்டை முட்டை வண்ணத்தில் பிடிக்க வேண்டும். பலகைக்கு ஜெஸ்ஸோ பூச ஆரம்பித்துவிட்டேன்.