மணலில் ஊன்றிய வேலிக்கால்

உச்சிப்புளிப் பக்கம், கடலுக்கு நடந்தே போய்விடுகிற தூரத்தில் எங்கள் வீடு. கொல்லையைச் சுற்றி மரக்கால் ஊன்றி, பழைய மீன்வலையைக் கட்டியிருக்கிறோம். இந்தக் கரையோரத்தில் நிறைய வீடுகளுக்கு இதுதான் வேலி. கிழிந்த வலைக்குப் பெரிய செலவில்லை, ஆட்டை நிறுத்தும், உப்புக் காற்றில் துருப்பிடிக்காது. ஆடி மாதக் காற்றில் தென்மேற்கு மூலையை அடுத்த கால் ஆட்டம் கண்டுவிட்டது. கையால் தள்ளினால் ஒரு சாண் போய் வந்தது. தெரு ஆடுகள் அதைச் சீக்கிரமே கண்டுபிடித்தன. வைத்திருந்த முருங்கைக் கன்று போனதுதான் மிச்சம்.

கால் ஆடினால் ஒன்று மரம் இற்றிருக்கும், இல்லாவிட்டால் மண் பிடி விட்டிருக்கும். அதைப் பார்க்காமல் கடைக்குப் போய் சிமெண்ட் வாங்குவதில் அர்த்தமில்லை. காலைச் சுற்றி மணலை விலக்கிவிட்டு திருப்புளியால் குத்திப் பார்த்தேன். மரம் பெரும்பாலும் இற்றுப்போவது ஆழத்தில் அல்ல, தரையை ஒட்டிய அரை அடியில்தான். பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும்; இரண்டும் சேர்ந்து கிடைப்பது அங்கேதான். எங்கள் கால் சீமைக் கருவேல். பட்டையை உரிக்காமல் ஊன்றியிருந்தார்கள். பட்டைக்குள் கரையான் வீடு கட்டியிருந்தது. ஆனால் திருப்புளி மேல்மரத்தில் இறங்கியதே தவிர, உள்ளே வைரத்தில் நின்றுவிட்டது. சரி, கால் பிழைத்தது. கரையான் தின்ற அளவுக்குக் குழி அகலமாகிவிட்டது, அவ்வளவுதான்.

புதுசாகப் பனங்கை போட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். பனை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். ஆக, பழைய வீடு இடிக்கிற இடத்தில்தான் தேட வேண்டும். கான்கிரீட் கால் வேண்டவே வேண்டாம். உப்புக் காற்றில் உள்கம்பி துருப்பிடித்து ஊதி, காலையே வெடிக்க வைத்துவிடுகிறது. எங்கள் தெருவிலேயே அப்படிப் பல்லிளித்து நிற்கிற கால்கள் உண்டு.

பக்கத்து வீட்டு மாமா ஓடாவி, அதாவது படகுத் தச்சர். வள்ளம் கட்டிய கை. அடியில் சிமெண்ட் கலவை ஊற்றிவிடலாமா என்று அவரிடம் கேட்டேன். “மரம் காஞ்சா சுருங்கும் மாப்ள, சிமெண்ட் சுருங்காது. நடுவுல விழுற இடைவெளியில தண்ணி நிக்கும். கிண்ணத்துல நட்ட மாதிரிதான்” என்றார். அவர் சொன்ன வழியிலேயே செய்தேன்.

காலைப் பிடுங்கி, பட்டையை முழுக்க உரித்து, இற்ற பகுதியைச் சுரண்டி வெயிலில் காயப் போட்டேன். காய்ந்ததும் தரைமட்டம் வருகிற இடத்துக்கு மேலும் கீழும் ஒரு சாண் தார் பூசினேன். இங்கே படகு எஞ்சினில் வடித்த கழிவு ஆயிலைத்தான் பூசுவார்கள். எங்கள் கிணறு நாலெட்டில் இருப்பதால் எனக்கு அதில் மனம் வரவில்லை.

குழிதான் பாடு. காய்ந்த கடற்கரை மணலில் ஒரு கை தோண்டினால் இரண்டு கை உள்ளே சரியும். மணலை முதலில் நன்றாக நனைத்துக்கொண்டு, அடி வெட்டிய பழைய பெயிண்ட் வாளியைக் குழிக்குள் இறக்கி இறக்கித் தோண்டினால் நிற்கிறது. முன்பு கால் ஒன்றரை அடிதான் மண்ணுக்குள் இருந்தது. ஐந்தடி உயரத்துக்கு, அதுவும் மணலில், அது போதாது. இரண்டடிக்கு இறக்கினேன். வேலி அந்த இடத்தில் அரை அடி குட்டையாகிவிட்டது, போகட்டும்.

அடியில் செங்கல் துண்டு போட்டு அதன்மேல் காலை நிறுத்தி, வாளியை உருவிவிட்டு, தூக்குக் குண்டை இரண்டு பக்கமும் பிடித்துப் பார்த்தேன். தோண்டிய மணலைத் திரும்பப் போடவில்லை. உருண்டை மணல் ஒன்றோடொன்று பிடிக்காது. வீடு கட்டியபோது மிஞ்சிய கிராவலும் உடைத்த செங்கலும் கலந்து, அரைச் சாண் கனத்துக்குப் போட்டு, லேசாகத் தண்ணீர் தெளித்து, கடப்பாரையின் மொட்டை முனையால் இடித்தேன். அப்புறம் அடுத்த அடுக்கு. அவசரப்பட்டு மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் இடித்தால் அடி இளகியே இருக்கும். தோள் வலி இரண்டு நாள் இருந்தது. மேல் மண்ணைக் காலை ஒட்டி மேடாக்கிச் சரித்துவிட்டேன், மழைத் தண்ணீர் ஓடிவிட.

இவ்வளவு செய்தாலும் காற்று இருக்கிறதே. ஆடியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று ஒரு பக்கம் தள்ளுகிறது, ஐப்பசி கார்த்திகையில் வாடை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. வருஷம் முழுக்க இப்படி முன்னும் பின்னும் அசைத்தால் எந்தக் காலும் மணலைத் தளர்த்திக்கொள்ளும். அதனால் இந்தக் காலுக்கு இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்தேன். கட்டுக்கம்பி இந்தக் காற்றில் சீக்கிரம் துருப்பிடித்து அறுந்துவிடும். வலைக் கயிற்றால் இரட்டையாகக் கட்டினேன். வெயிலில் கயிறும் நொய்ந்துபோகும்தான், ஆனால் மாற்றுவது சுலபம்.

வலை மட்டும் இருந்தவரை காற்று ஊடே போய்க்கொண்டிருந்தது. மறைப்புக்காகத் தென்னங்கீற்றை வைத்துக் கட்டிய பிறகுதான் இந்தப் பக்கம் ஆட்டமே ஆரம்பித்தது. கீற்றை எடுத்துவிடலாம் என்றேன். குளிக்கிற இடம் தெரியும் என்று அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் இடைவெளி விட்டுக் கட்டுவது என்று பேசி முடித்தோம்.

மற்ற கால்களையும் குத்திப் பார்த்தாயிற்று. இரண்டு சந்தேகமாக இருக்கின்றன. அவற்றை மழை தொடங்கிய பிறகு பார்த்துக்கொள்வேன்; மணல் ஈரமாக இருந்தால் குழி சரியாது, தண்ணீர் சுமக்கிற வேலையும் மிச்சம்.