பை நிரப்பும் வேலையும் பக்கத்தில் இருப்பவரும்

வளர்ச்சிக் குறைபாடு உள்ள பெரியவர் ஒருவருக்கு வேலை தேடிக்கொடுக்கும்போது, ‘இவருக்கு என்ன தெரியும்’ என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டங்கள் சூழ்ந்த ஊரில் அதற்கும் முந்திய கேள்வி ஒன்று உண்டு: காலை ஏழு மணிக்கு அவரை யார் கொண்டுபோய் விடுவது? ஈப்போ, கோல கங்சார் பக்கம் போகும் பஸ் பெரிய சாலையோடு சரி. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து அந்தச் சாலைக்கு வர அப்பாவின் மோட்டார்தான் கதி. அப்பாவுக்கு ஆலையில் ஷிப்ட் மாறினால் மகனின் வேலையும் போய்விடும். ஆகவே முதலில் வழியைப் பாருங்கள். அக்கம்பக்கத்தில் யார் தினமும் எங்கே போகிறார்கள், அந்த வழியில் என்ன இருக்கிறது? செம்பனை நர்சரி, மினி மார்க்கெட், டோபி கடை, சாப்பாட்டுக் கடையின் பின்கட்டு. தேர்வு தானாகவே சுருங்கிவிடும்.

குடும்பத்தார் தயங்கினால் அதைச் சோம்பல் என்று எண்ண வேண்டாம். சமூகநல இலாகா 2021 பட்ஜெட்டிலிருந்து வேலை செய்ய இயலாத மாற்றுத்திறனாளிக்கு மாதம் 300 வெள்ளியும் (மலேசிய ரிங்கிட்), வேலை செய்பவருக்கு 450 வெள்ளியும் உதவித்தொகை என்று உயர்த்தியது. பின்னதற்குச் சம்பள வரம்பு உண்டு. கணக்குப் பார்த்தால் வேலைக்குப் போவதே லாபம். ஆனால் 300 வெள்ளி மாதாமாதம் நிச்சயமாக வருவது. வேலை இரண்டு மாதத்தில் நின்றுபோகலாம். பிறகு பழையதை மறுபடி வாங்க யார் அலைவது என்பதுதான் அம்மாவின் பயம். வேலை தொடங்குமுன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு இலாகா அதிகாரியிடம் போய், இப்போதைய தொகை எவ்வளவு, வரம்பு எவ்வளவு, எது நிற்கும், எது எப்போது தொடங்கும் என்று கேட்டுத் தாளில் எழுதி வாங்கிவிட்டால் பாதிப் பயம் தீரும்.

முதலாளியிடம் சட்டத்தைக் காட்டிப் பயனில்லை. 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், 29ஆம் பிரிவில், வேலை பெறும் உரிமையைச் சொல்கிறது. மீறினால் தண்டனை என்ன என்று சொல்லவில்லை. நர்சரி மேனேஜருக்கு அன்றாடத் தலைவலி, பை நிரப்ப ஆள் இல்லாததுதான். அதைப் பற்றிப் பேசுங்கள். சம்பளத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 2025 முதல் குறைந்தபட்ச சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, மணிக்கு 8.72. மாற்றுத்திறனாளிக்கென்று குறைந்த விகிதம் எதுவும் கிடையாது. முழுநாள் தாங்காதவருக்கு நாளுக்கு 4 மணி நேரம், வாரம் 5 நாள் என்று பகுதிநேரமாகக் கேளுங்கள், வாரத்துக்கு 174.40 வெள்ளி வரும். ‘பழகட்டும், பிறகு பார்ப்போம்’ என்று சம்பளமில்லாமல் தொடங்கிய வேலைக்குப் பெரும்பாலும் சம்பளம் வருவதே இல்லை.

இனி வேலை. செம்பனைக் கன்றை முதலில் வளர்க்கும் முதல்நிலை நர்சரியில் 6க்கு 9 அங்குலச் சிறிய போலிபேக்கில், அதாவது பிளாஸ்டிக் பையில், மண் நிரப்புவது பார்வைக்கு ஒரே வேலை. உட்கார்ந்து பார்த்தால் எட்டுப் படி: கட்டிலிருந்து ஒரு பையை உருவுவது, வாயைத் திறப்பது, அடிமூலை இரண்டையும் உள்ளே அழுத்துவது, பாதிவரை மண் போடுவது, தரையில் இரண்டு தடவை தட்டுவது, மேலே நிரப்புவது, மறுபடி தட்டுவது, தட்டில் வைப்பது. பயிற்சி கொடுக்கப் போகிறவர் குறைந்தது ஒரு காலை முழுவதும் தானே அந்த வேலையைச் செய்ய வேண்டும். படிகள் கைக்குத் தெரிந்தால்தான் எழுத வரும்.

எங்கே கெடும் என்பதும் அப்போதுதான் தெரியும். புதுப் பைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இரண்டாக உருவினால் உள்பைக்கு மட்டும் மண் போகும். பக்கத்தில் ஈரத்துணி ஒன்று வைத்து, விரலைத் தொட்டுத் தேய்க்கச் சொன்னால் சரியாகும். அடிமூலையை அழுத்தாவிட்டால் பை சாய்ந்துவிடும். பாதியில் தட்டாமல் விட்டால் முதல் தண்ணீரில் மண் இறங்கி, கன்றின் வேர் வெளியே தெரியும். விளிம்புவரை நிரப்பினால் ஊற்றும் தண்ணீர் வழிந்தோடும். மேலே ஓர் அங்குலம் விட வேண்டும். ‘ஓர் அங்குலம் விடு’ என்று நாள் முழுக்கச் சொல்வதைவிட, ஓர் அங்குல நீளத்துக்கு வெட்டிய பைப் துண்டு ஒன்றைக் கையில் கொடுத்து, மண்மேல் நிறுத்தச் சொல்வது மேல். துண்டின் தலையும் பையின் விளிம்பும் சமமாக இருந்தால் சரி. எண்ணத் தெரியாவிட்டாலும் வேலை தடைபடாது. ஒரே எண்ணிக்கையில் பை கொள்ளும், அவரால் தூக்க முடிகிற தட்டுகளைக் கொடுங்கள். தட்டு நிறைந்தால் கொண்டுபோய் வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கலாம். மாலையில் தட்டுகளை மண்டோர், அதாவது மேற்பார்வையாளர், எண்ணிக்கொள்வார்.

சொல்லிக்கொடுப்பதில் பெரிய கெடுதல் வாய். ‘தட்டு, தட்டு, இன்னும் ஒரு தடவை’ என்று ஒருவர் கூடவே சொல்லிக்கொண்டிருந்தால், அந்தக் குரலும் வேலையின் ஒரு படி ஆகிவிடும். குரல் இல்லாத நாளில் கை நின்றுவிடும். முதலில் செய்து காட்டுங்கள். அடுத்து, தடுமாறும் படியில் மட்டும் விரலால் சுட்டுங்கள். தேவைப்பட்டால் முழங்கையை மெல்லத் தொடுங்கள். எதற்கும் முன்னால் மனத்துக்குள் ஐந்து எண்ணிக் காத்திருங்கள். முகத்துக்கு எதிரே நிற்க வேண்டாம், பின்பக்கமாக நில்லுங்கள். எதிரே நின்றால் அவர் பையைப் பார்க்க மாட்டார், உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார். ஒவ்வொரு படிக்கும் தானாகச் செய்தாரா, சுட்டிச் செய்தாரா என்று ஒரு குறி போதும். மூன்று நாள் தொடர்ந்து எட்டும் தானாக நடந்தால் கையெட்டும் தூரத்திலிருந்து கொட்டகைத் தூணுக்கு விலகலாம். அதன்பின் வாசல், அதன்பின் ஊருக்குள். இந்த விலகலைத் தள்ளிப்போடுகிற பயிற்றுநர்கள் அதிகம். கூட இருப்பது அன்பாகத் தெரியும், மேனேஜருக்கும் வசதி. ஆனால் பயிற்றுநர் லீவு போட்டால் தானும் வராத ஊழியரை எந்த மேனேஜரும் தன் ஆள் என்று நினைப்பதில்லை.

விலகுமுன் பக்கத்து இடத்தில் ஒருவரை ஏற்பாடு செய்ய வேண்டும். மண்டோர் வேண்டாம், அவருக்கு நூறு சோலி. அதே வரிசையில் உட்கார்ந்து பை நிரப்பும் அக்கா ஒருவர் போதும். அவரிடம் இரண்டே விஷயம் கேளுங்கள்: தேத்தண்ணி நேரத்தில் ‘வா தம்பி’ என்று கூப்பிடுவது, மழை வந்தால் கொட்டகைக்குக் கூட்டிப்போய் காலிப் பைகளை அடுக்கக் கொடுப்பது. கூடவே ஒன்று செய்யக் கூடாது என்றும் சொல்லுங்கள்: தம்பியின் பையை அக்கா நிரப்பிக் கொடுப்பது. பாசத்தில் கெட்டுப்போன பயிற்சி நிறைய. மருந்தடிக்கும் நாளில் அவருக்கு எந்தக் கொட்டகை என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020இல் தடையானது நல்லதுதான். ஆனால் மற்ற களைக்கொல்லிகள் இருக்கின்றன, மருந்து டின்னில் இருப்பது என்ன என்று அவருக்கு வாசிக்கத் தெரியாமல் இருக்கலாம். வலிப்பு உள்ளவர் என்றால் மருந்தின் பெயரும், எத்தனை நிமிடத்துக்கு மேல் நீடித்தால் ஆஸ்பத்திரி என்பதும் அந்த அக்காவுக்கும் மண்டோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சம்பள நாளில் இன்னொரு சிக்கல். வங்கி அட்டை பெரும்பாலும் அண்ணன் கையில் இருக்கும், உழைத்தவருக்கு ஒரு பாக்கெட் நூடுல்ஸ்கூட மிஞ்சாது. வீட்டுச் செலவுக்குக் கொடுப்பது முறைதான், அதில் தலையிட வேண்டாம். ஆனால் ஒரு தொகை அவர் கையில், நோட்டாக, அவர் பார்க்க வர வேண்டும் என்று முதல் மாதமே பேசி வைத்துவிடுங்கள். அதை வைத்து பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) அவரே வாங்கட்டும். கடைக்காரருக்கு 5 வெள்ளி நோட்டைக் கொடுத்து மிச்சத்துக்கு நிற்பதும் பழக வேண்டிய ஒன்று. இரண்டு வாரம் ஒரே கடையில் ஒரே பொருள் வாங்கினால் போதும், மூன்றாம் வாரம் கடைக்காரரே பார்த்துக்கொள்வார்.

தோட்டத்துக் கோயிலிலும் அவருக்கென்று ஒரு வேலை இருப்பதில்லை. திருவிழாவுக்கு அவரை அழைத்து முன்வரிசையில் உட்காரவைத்து, போகும்போது சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்து அனுப்பும் வழக்கம் மரியாதையாகத்தான் செய்யப்படுகிறது. ஆனால் அவர் அங்கே விருந்தாளியாகவே இருந்துவிடுகிறார். அன்னதானப் பந்தியில் தண்ணீர் ஊற்றுவதோ, செருப்பு வைக்கும் இடத்தில் டோக்கன் கொடுப்பதோ கேளுங்கள். ஒரே இடம், ஒரே வேலை, கூட ஒரே ஆள். உறுமியும் தப்பும் தாங்காத ஆட்டிசம் உள்ளவருக்கு, புல்வெட்டுகிறவர்கள் போடும் காதுக்கவசம் ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும். சாமி புறப்படும் நேரத்தில் சமையல் கொட்டகைக்கு மாற்றிவிடலாம்.

வேலை நிலைத்த பிறகும் மாதம் ஒரு நடை போவது நல்லது. அதைவிட முக்கியம், மாறுதல் வரும்போது போவது: மண்டோர் மாறினால், அந்த அக்கா ஓய்வு பெற்றால், வீட்டில் ஒரு சாவு விழுந்தால், பையின் அளவு மாறினால். கடைசியில் சொன்னதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்கிறார்கள். பெரிய நர்சரியின் 15க்கு 18 அங்குலப் பையை நிரப்பிய பிறகு தட்டில் வைத்துத் தூக்க முடியாது. அது நிற்க வேண்டிய இடத்திலேயே நிரப்ப வேண்டும். தட்டு இல்லை என்றால் எண்ணும் வழியும் போய்விட்டது. எட்டுப் படியையும் புதிதாக எழுதி, ஒரு பிரதியைக் கொட்டகைத் தூணில் ஒட்டிவிட்டு, மறுபடி முதல் நாள் மாதிரி பின்பக்கம் நிற்க வேண்டியதுதான்.