டவுன் ஜக்கெட்டும் அப்பாயியின் கம்பளியும்

ஜனவரி 4, சனி

ஏப்ரலில் நேபாளம். இம்ஜா சே என்ற சிகரம், 6,100 மீட்டருக்கு மேல். நான்கு பேரும் முன்பணம் கட்டி ஒரு மாதம் ஆகிறது. அம்மாவிடம் இன்றுதான் சொன்னேன். "பனி மலைக்கெல்லாம் இந்த நாட்டில் இருந்து பொம்பளைப் பிள்ளை யார் போகிறது?" என்றார். 2016 மே 21ஆம் திகதி இலங்கையின் ஜயந்தி குரு உதும்பல எவரெஸ்ட் உச்சியில் நின்றதைச் சொன்னேன். "அவருடைய அம்மா எப்படி விட்டார்?" என்று கேட்டுவிட்டு அடுப்பை ஊதப் போய்விட்டார்.

உடுப்பு மூன்று அடுக்கு. தோலோடு ஒட்டிய மெல்லிய சட்டையும் காற்று மழைக்கு வெளிச்சட்டையும் கையில் இருக்கின்றன. சூட்டைப் பிடித்து வைக்கிற நடு அடுக்குதான் இல்லை. போன வருடம் தடித்த பருத்தி ஹூடியோடு சிவனொளிபாத மலை ஏறினேன். வழியில் உள்ள சீத கங்குல ஓடையைத் தாண்டும் முன்பே முதுகு தெப்பலாகிவிட்டது. உச்சியில் விடியலுக்குக் காத்திருந்த ஒன்றரை மணி நேரமும் பல் தந்தியடித்தது. சாமி கும்பிட்டேனா என்பதே நினைவில் இல்லை.

கொரியாவில் மூன்று வருடம் இருந்து வந்த தம்பி, அங்கே வாங்கிய வாத்துத் தூவி ஜக்கெட்டை எடுத்து நீட்டினான். "இதைப் போட்டுக்கொண்டு போ அக்கா. டவுன் ஜக்கெட். இதைவிடச் சூடு எதிலும் கிடையாது." அம்மா அதைத் தடவிப் பார்த்தார். "டவுனுக்குப் போட்டுக்கொண்டு போக நன்றாகத்தான் இருக்கும்" என்றார். இங்கிலீஷில் டவுன் என்றால் தூவி என்று விளக்கிச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

ஜனவரி 5, ஞாயிறு

ஹட்டனில் இருந்து பஸ் ஏறி நுவரெலியா பேல் பஜார். ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சியவை, சிறு குறை என்று ஒதுக்கியவை, எல்லாம் மலையாகக் கிடக்கின்றன. உலகத்துக்கே குளிர் உடுப்புத் தைக்கிற நாட்டில் எனக்கு ஒன்று கிடைக்காமலா போகும் என்று நினைத்தேன். கிடைக்க இரண்டரை மணி நேரம் ஆனது.

நடு அடுக்குக்கு ஃபிளீஸ் என்கிற மென்மயிர்த் துணிச் சட்டை. ஒவ்வொன்றையும் எடுத்து வாயில் வைத்து ஊதினேன், பல்புக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். கடைசியில் கிடைத்தது, உள்பக்கம் சின்னச் சின்னக் கட்டங்களாக மயிர் நிற்கிற ஒன்று. கட்டங்களுக்கு நடுவே வாய்க்கால் போல மெல்லிய இடைவெளி. அந்த வழியே வெளிச்சம் தெரிகிறது. மயிர் நிற்கிற இடம் காற்றைப் பிடித்து வைக்கும், வாய்க்கால் வழியே வியர்வை ஆவி வெளியேறும். கடைக்காரருக்கு என் தெரிவு பிடிக்கவில்லை. "தங்கச்சி, குளிருக்குத் தடிப்பு வேண்டும். இது கொசுவலை மாதிரி இருக்கிறது."

போட்டுப் பார்த்து, கூடைக்குள் கொழுந்தை வீசுகிறவள் போல இரு கைகளையும் தலைக்குப் பின்னால் கொண்டுபோனேன். இடுப்பு தெரியவில்லை. கயிற்றைப் பிடித்து ஏறுகிறவளுக்கு இது முக்கியம்; உயரம் குறைந்த சட்டை மேலே ஏறினால் இடுப்புப் பட்டைக்குள் மறுபடி திணிக்க அங்கே கை ஒழியாது. பைகள் நெஞ்சு உயரத்தில் இருக்கின்றன, பட்டை மறைக்காது. ஸிப் மட்டும் பாதியில் சிக்குகிறது. அந்தக் குறைக்காகத்தான் 2,800 ரூபா 2,200 ஆனது.

வீட்டில் அம்மா கேட்டது: "எந்த ஆட்டு மயிர்?" ஆடு இல்லை, பொலியெஸ்டர். 1979இல் அமெரிக்காவில் மால்டன் மில்ஸ் என்ற ஆலை கம்பளிக்கு மாற்றாக இதைக் கொண்டுவந்தது. பிளாஸ்டிக் போத்தலை உருக்கிக்கூட இந்த நூல் எடுக்கிறார்கள் என்றதும் அம்மா கையை எடுத்துக்கொண்டார்.

ஜனவரி 9, வியாழன்

பள்ளிக்கூடம் விட்டு வந்து, சமையலறைத் தராசில் சோதனை. ஹூடி காய்ந்திருக்கையில் 540 கிராம்; நனைத்து, முடிந்தவரை பிழிந்த பிறகு ஒரு கிலோவுக்கு மேல். ஃபிளீஸ் 300 கிராம், பிழிந்த பிறகு 450. இரண்டையும் ஒரே கொடியில் போட்டேன். இரவு சாப்பிடும்போது ஃபிளீஸில் ஈரம் விரலுக்குத் தெரியவில்லை. ஹூடி நாளைக் காலையிலும் சொட்டும்.

பொலியெஸ்டர் இழை தன் எடையில் நூற்றில் ஒரு பங்கு நீரைக்கூட உறிஞ்சாது; தண்ணீர் இழைகளின் இடுக்கில் நிற்குமே தவிர உள்ளே போகாது. கம்பளி மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை வாங்கிக்கொண்டும் ஓரளவு சூடு தரும், ஆனால் காய நாளாகும். நம்மைக் காப்பது துணி அல்ல, துணி பிடித்து வைத்திருக்கிற காற்று. அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துவிட்டால், அது காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்திவிடும். போன வருடம் உச்சியில் எனக்கு நடந்தது அதுதான்.

தூவியை நனைக்கத் தம்பி விடவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

விடியலில் ஹோர்ட்டன் சமவெளி. இரவெல்லாம் மேகம் இல்லை. மேட்டில் புல் பச்சையாகவே இருந்தது. பள்ளங்களில் மட்டும் உப்புத் தூவியது போல உறைபனி. குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீரைப் போல வழிந்து பள்ளத்தில் தேங்கும். நுவரெலியாப் பக்கத் தோட்டங்களில் தேயிலை கருகுவதும் இப்படிப்பட்ட இரவுகளில்தான்.

தம்பியின் ஜக்கெட்டை வாங்கிப் போட்டுப் பள்ளத்து ஓரத்தில் நின்றேன். ஐந்து நிமிடத்தில் உடம்பு அடுப்படியில் உட்கார்ந்த பூனையாகிவிட்டது. உள்ளங்கையில் அமுக்கினால் ஒன்றுமில்லை, விட்டால் புஸ் என்று எழும்புகிறது. காய்ந்த குளிருக்கு இதை மிஞ்ச ஒன்றும் இல்லை என்று ஒப்புக்கொண்டேன். தம்பிக்குத் தலைகால் புரியவில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். நேற்று போயா, பௌர்ணமி விடுமுறை என்பதால் சிவனொளிபாத மலையில் சனம் நெரிந்ததாம். நாங்கள் சனிக்கிழமை இரவு.

ஜனவரி 19, ஞாயிறு

மலையடிவாரத்து நல்லதண்ணியில் இருந்து அதிகாலை ஒன்றரைக்குப் புறப்பட்டோம். ஏறத்தாழ 5,500 படி, ஆயிரம் மீட்டர் உயர்வு. அந்த உயர்வுக்கே வெப்பம் ஆறு பாகை குறையும். காற்று அடித்தால் இன்னும் குறைந்தது போல உறைக்கும்.

பத்தே நிமிடத்தில் ஃபிளீஸின் ஸிப்பை இறக்கப் பார்த்தேன். சிக்கிக்கொண்டது. தொப்பி, தலை விளக்கு, முதுகுப் பை எல்லாவற்றையும் கழற்றித்தான் அதைக் கழற்ற முடிந்தது. பின்னால் வந்த ஒரு பாட்டி பொறுமையாக நின்று வேடிக்கை பார்த்தார். தடிப்பு, எடை என்று இரண்டு வாரம் ஆராய்ந்தவள் ஸிப்பை அறுநூறு ரூபாவுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறேன். தொண்டையில் இருந்து நெஞ்சுக்குழி வரை திறந்து மூட முடிகிற சட்டை, அரைச் சட்டை கழற்றியதற்குச் சமம்.

தம்பி ஜக்கெட்டைக் கழற்றவில்லை. "குளிருக்குத்தானே போட்டிருக்கிறேன்" என்றான். பாதி வழியில் இந்திகட்டுபான என்ற இடத்தில் பிளேன்டி, பால் இல்லாத தேநீர், குடிக்க நின்றோம். புத்தர் தமது கிழிந்த ஆடையைத் தைத்த இடம் என்பது ஐதீகம். சிங்கள யாத்திரிகர்கள் அங்கிருந்து நூல் இழுத்துக்கொண்டு போகிறார்கள். விளக்கு வெளிச்சத்தில் தம்பியின் தோளில் இருந்து ஆவி எழும்பியது. பையைக் கழற்றியபோது பார்த்தேன்: முதுகுப் பக்கத் தூவி முழுக்கக் கட்டிகட்டியாகத் திரண்டு, தையல் ஓரங்களில் ஒதுங்கி, நடுவில் வெறும் இரண்டு துணி. நனைந்த கோழிக்குஞ்சு. வெளியில் ஒரு சொட்டு மழை இல்லை, அத்தனையும் அவன் வியர்வை.

அங்கே ஃபிளீஸை மறுபடி போட்டேன். கடைசிப் படிகளில் கைப்பிடிக் கம்பி ஐஸாக இருந்தது, உடம்பு இல்லை. உச்சியில் மணி அடித்து ஒதுங்கியதும் காற்று ஃபிளீஸைச் சல்லடை போல ஊடுருவியது. கடைக்காரரின் கொசுவலைப் பேச்சு நினைவுக்கு வந்தது. மேலே வெளிச்சட்டை போட்டதும் நின்றது. ஆனாலும் அரை மணி நேரம் அசையாமல் நின்றால் அது போதவில்லை. ஒரே இடத்தில் கால் மாற்றி மாற்றிக் குதித்தேன். தம்பியை, அம்மா பைக்குள் திணித்துவிட்டிருந்த பழைய போர்வையில் சுற்றி வைத்தேன். சூரியன் எழும்பி மலையின் முக்கோண நிழல் மேற்கே முகில் மேல் விழுந்தபோது, அவன் போர்வைக்குள் இருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தான்.

ஜனவரி 20, திங்கள்

கால் வலி. முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தபடி அம்மாவிடம் கதை முழுவதையும் சொன்னேன். தம்பி முதுகு நனைந்த இடம் வந்ததும் சிரித்துவிட்டார்.

"உன் அப்பாயிக்குத் தோட்டத்தில் கம்பளி கொடுப்பார்கள், சம்பளத்தில் பிடித்துக்கொண்டுதான். விடியற்காலையில் தலையோடு போர்த்திக்கொண்டு பிரட்டுக்களத்தில் நிற்பார். பேர் கூப்பிட்டு மலைக்குப் போனதும் அதைச் சுருட்டித் தேயிலைத் தூரில் செருகிவிட்டு நிரையில் இறங்குவார். கொழுந்து எடுக்கையில் யாராவது கம்பளி போர்த்துவார்களா? தேத்தண்ணி நேரத்தில் மறுபடி எடுத்துப் போர்த்துவார்."

நான் எண்ணெய்க் கையோடு எழுந்துபோய்ச் சாமான் பட்டியலைத் திருத்தினேன். நடு அடுக்கு என்ற வரியில் ஃபிளீஸ். தூவி ஜக்கெட் அந்த வரியிலேயே இல்லை. பையின் மேல்வாயில், கைக்கு எட்டுகிற இடத்தில். நின்றவுடன் எல்லாவற்றுக்கும் மேலே போடுவது, கிளம்பும்போது கழற்றுவது. ஆகவே அது வெளிச்சட்டையின் மேலேயே ஏறுகிற அளவு பெரிதாக இருக்க வேண்டும். தம்பியுடையது இருக்கிறது. பூச்சியத்துக்குக் கீழே காற்று காய்ந்திருக்கும், அங்கே தூவி நனைய நான் மட்டுமே காரணமாக முடியும். போதாவிட்டால் காத்மண்டுவின் தமேல் கடைத்தெருவில் தடித்தது வாடகைக்கு எடுக்கலாம்.

ஜனவரி 26, ஞாயிறு

ஹட்டனில் தையல்காரர் ஸிப்பை மாற்றிக் கொடுத்தார், 350 ரூபா. நுனியில் ஒரு கயிறு கட்டச் சொன்னேன். கையுறையோடு இழுக்க வேண்டுமே. கடையிலேயே பத்துத் தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். "மிஸ், திரும்பவும் உடைத்துவிடப் போகிறீர்கள்" என்றார்.

தூவி ஜக்கெட்டைத் தம்பி மூன்று நாள் காய வைத்து, கட்டிகளை விரலால் ஒவ்வொன்றாக உதிர்த்தான். முக்கால்வாசி எழும்பிவிட்டது. ஏப்ரல் வரை பெட்டியில் கிடக்கட்டும் என்று மடித்து வைத்திருந்தோம். இன்று காலை பெட்டி திறந்து கிடந்தது. அம்மா அதைப் போட்டுக்கொண்டு டவுனுக்குப் போயிருந்தார்.