மணி அடிக்காத இடத்தில் படிப்பது

நம் கல்லூரி விடுதியில் இருந்த பழைய மாணவர்களுக்கு மாலைப் படிப்பு மணி மறந்திருக்காது. மணி அடித்தால் மேசைக்குப் போக வேண்டும். அடுத்த மணி வரை எழும்பக் கூடாது. வீட்டிலிருந்து வந்தவர்களுக்கு அந்த வேலையை அம்மாவும் ரியூஷன் வகுப்பும் பார்த்துக்கொண்டன. பல்கலைக்கழகம் போவதற்கான உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் என்று மூன்றே பாடங்கள், இரண்டு வருடத்துக்கு மேல் அவகாசம், முடிவில் ஒரு சோதனை. கடந்தகால வினாத்தாள்களைத் திரும்பத் திரும்பச் செய்தே பலர் பொறியியல் படிக்கப் பேராதனை, மொறட்டுவைப் பல்கலைக்கழகங்களுக்குப் போனோம். 2014 முதல் கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் இருக்கிறது. இன்று நம் கல்லூரிப் பிள்ளைகளுக்கு அதுவும் ஒரு வாசல்.

உள்ளே போன பிறகு கெட்டிக்காரப் பிள்ளைகளே முதல் செமஸ்டரில் தடுமாறுகிறார்கள். உயர்தரத்தில் கைகொடுத்த பழக்கம் அங்கே கைகொடுக்காது. ஏறக்குறைய 15 வாரம், ஐந்தாறு பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் தனியாக டியூட்டோரியல் என்ற பயிற்சிக் கணக்குத் தாள், ஆய்வுகூட அறிக்கை, இடைத்தவணைப் பரீட்சை. "கடைசி ஆறு மாதத்தில் பிடித்துவிடலாம்" என்ற நினைப்புக்கு அங்கே இடமே இல்லை, ஏனென்றால் ஆறு மாதத்துக்குள் செமஸ்டரே முடிந்துவிடும்.

நேரத்தைக் கணக்காகவே பார்த்துவிடுவது நல்லது. பட்டங்களின் தரத்தை வரையறுக்கும் இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில், பாடத்தின் அளவைக் குறிக்கும் ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலக் கற்றல். மூன்று கிரெடிட் பாடத்துக்கு 150 மணித்தியாலம். விரிவுரைக்கு 45 போனால் மிச்சம் 105. அதாவது வாரத்துக்கு 7 மணித்தியாலம், அந்த ஒரு பாடத்துக்கு மட்டும்! செமஸ்டருக்கு 15 கிரெடிட் என்றால் மொத்தம் 750. பரீட்சைக்கு முந்தைய விடுமுறை ஒரு பங்கைத் தாங்கினாலும் வாரத்துக்கு 40 முதல் 45 மணித்தியாலம் வேண்டும். வகுப்பும் ஆய்வுகூடமும் 25ஐ எடுத்துக்கொண்டால், வார நாட்களில் இரவுக்கு மூன்று மணித்தியாலமும் சனி ஞாயிறில் சேர்த்து ஐந்தும் சரியாக வரும். யாருக்கும் முடியாத அளவல்ல. ஆனால் ஒரு வாரத்தை விட்டுவிட்டால் அடுத்த வாரத்தில் 20 மணித்தியாலம் கூடுதலாகத் தேட வேண்டும். அது கிடைக்காது.

ஞாயிறு இரவில் அரை மணித்தியாலம் ஒதுக்கி, வரும் இரண்டு வாரத்து ஒப்படைத் திகதிகளை ஒரே தாளில் எழுத வேண்டும். பிறகு இரவுகளைப் பாடங்களுக்குப் பிரிக்கலாம். வெள்ளி இரவின் மூன்று மணித்தியாலத்தை எந்தப் பாடத்துக்கும் ஒதுக்காமல், பிந்திய வேலைக்காக வெறுமையாகவே விட வேண்டும். நேர அட்டவணைகள் பெரும்பாலும் உடைவது சோம்பலால் அல்ல, இடைவெளியே இல்லாமல் நிரப்பி வைப்பதால். ஓர் ஆய்வுகூட அறிக்கை நீண்டுவிட்டால் முழு வாரமும் சரியும், பிள்ளையும் அட்டவணையையே கைவிட்டுவிடும். வெள்ளி இரவு வெறுமையாக இருந்தால் அந்தச் சரிவு அங்கேயே நிற்கும்.

இனி, அந்த மூன்று மணித்தியாலத்தில் என்ன செய்வது? குறிப்பை வாசிப்பதும் நிறப் பேனையால் கோடு போடுவதும் படிப்பல்ல. 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடத்துக்குப் பின் கேட்டபோது திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரத்துக்குப் பின் கேட்டபோது, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் நன்றாக முந்திவிட்டார்கள். வாசித்து முடித்த இரவில் "எல்லாம் விளங்குது" என்று தோன்றுவதை நம்பக் கூடாது என்பது இதனால்தான்.

விரிவுரை நடந்த அன்றிரவே வெறுந்தாளில் அன்றைய பாடத்தின் படம், சமன்பாடு, எடுகோள் மூன்றையும் பார்க்காமல் எழுத வேண்டும். பத்து நிமிடம் போதும். பிறகு குறிப்போடு ஒப்பிட்டு விடுபட்டதைச் சிவப்பில் சேர்க்க வேண்டும். அடுத்தது, டியூட்டோரியலில் ஒரு கணக்கு. விடையைப் பார்க்காமல் 25 நிமிடம் முயல வேண்டும். முடியாவிட்டால் விடையில் ஒரு வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடித் தொடர வேண்டும். முழு விடையையும் பார்த்து "ஓ, இதுதானா" என்று விடுவதுதான் பெரிய கெடுதல். அந்தக் கணக்கை மூன்று நாள் கழித்துக் கொடுத்துப் பாருங்கள், முதல் வரியிலேயே நிற்பார்கள்.

பிழை எங்கே நுழைகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. இரு முனையிலும் எளிமையாகத் தாங்கப்பட்ட 6 மீற்றர் பீம், மீற்றருக்கு 10 கிலோநியூட்டன் சீரான சுமை. ஒவ்வொரு ஆதாரத்திலும் 30 கிலோநியூட்டன். நடுவில் உச்ச வளைவுத் திருப்பம் (பீமை வளைக்க முயலும் விளைவின் அளவு), மீற்றருக்கான சுமையை நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கி எட்டால் வகுக்க, 45 கிலோநியூட்டன் மீற்றர். குறுக்குவெட்டு அகலம் 150, ஆழம் 300 மில்லிமீற்றர் என்றால் வெட்டு மட்டு (வளைவை எதிர்க்கும் குறுக்குவெட்டின் அளவு) 22.5 இலட்சம் கன மில்லிமீற்றர். இங்கேதான் பலர் விழுகிறார்கள். 45ஐ நியூட்டன் மில்லிமீற்றராக்கப் பத்து இலட்சத்தால் பெருக்க வேண்டும். ஆயிரத்தால் பெருக்கிவிட்டு நடக்கிறார்கள். திருப்பத்தை வெட்டு மட்டால் வகுத்தால் வரும் சரியான தகைப்பு, அதாவது ஓரலகுப் பரப்பில் வரும் விசை, சதுர மில்லிமீற்றருக்கு 20 நியூட்டன். தவறினால் 0.02 வரும். இவ்வளவு சுமை தாங்கும் பீமில் இவ்வளவு சிறிய தகைப்பா என்று கேட்கும் பழக்கம் இருந்தால் அங்கேயே பிடிபட்டுவிடும்.

இப்படிப்பட்ட பிழைகளுக்கென்று ஒரு தனிக் கொப்பி வைத்திருப்பது நான் அறிந்த பழக்கங்களில் மிகச் சிறந்தது. கணக்கு, பிழைத்த வரி, பிழைத்த காரணம், மறுபடி செய்ய வேண்டிய திகதி என்று நான்கு நிரல். காரணத்தில் "கவனயீனம்" என்று எழுதவே கூடாது. "அலகு மாற்றவில்லை", "கல்குலேட்டர் ரேடியனில் இருந்தது", "உராய்வின் திசையை மாற்றிப் போட்டேன்" என்று எழுத வேண்டும். ஒரு மாதம் போனால் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வருவது கண்ணில் படும்.

ஆய்வுகூட அறிக்கையை அன்றிரவே தொடங்க வேண்டும். அட்டவணையும் வரைபும் அன்றே முடிந்தால் மிச்சம் இரண்டு மணித்தியால வேலை. ஒரு வாரம் கழித்தால் மைக்ரோமீற்றரின் பூச்சிய வழுவை (எதையும் அளக்காதபோதே அது காட்டும் பிழையை) குறித்தோமா என்பதே நினைவிருக்காது. பொறியியல் வரைதலுக்கு மட்டும் துண்டு துண்டான நேரம் உதவாது; மூன்று மணித்தியாலம் ஒரே இருப்பில் வேண்டும்.

பரீட்சைக்கு முன் நண்பர்கள் நடத்தும் குப்பி வகுப்புகள் இலங்கைப் பல்கலைக்கழகங்களின் பெரிய சொத்து. ஆனால் வெறுங்கையோடு போகிறவருக்குப் பயன் குறைவு. மூன்று கணக்காவது தனியே முட்டி மோதிவிட்டுப் போக வேண்டும். சொல்லிக் கொடுக்கிறவரே அதிகம் படிக்கிறார் என்பதால் எல்லாரும் முறைவைத்து ஒவ்வோர் அலகை நடத்தலாம்.

பரீட்சை மூன்று மணித்தியாலம், ஐந்து வினா என்றால் வாசிக்கப் பத்து நிமிடம், வினாவுக்கு 32, சரிபார்க்கப் பத்து. 32 ஆனதும் அரைகுறையாக இருந்தாலும் அடுத்ததற்குப் போக வேண்டும். ஒரு வினாவின் கடைசி இரண்டு புள்ளிக்காக இன்னொரு வினாவின் முதல் பத்துப் புள்ளியை இழப்பது வழக்கமான விபத்து. இந்த வேகத்தை வீட்டில் மணிக்கூடு வைத்துப் பழகாமல் மண்டபத்தில் எதிர்பார்க்க முடியாது.

வெளிநாட்டிலிருக்கும் நம்மால் மடிக்கணினி அனுப்புவதைவிடப் பெரிதாக ஒன்று செய்ய முடியும். கிளிநொச்சியில் இரவு 8 மணி என்றால் கோடையில் இலண்டனில் பிற்பகல் 3.30, ரொறன்ரோவில் காலை 10.30. வாரத்தில் ஒருநாள் அந்த நேரத்தில் ஒரு பிள்ளையை அழைத்து, பாடம் நடத்தாமல், "தம்பி, பிழைக் கொப்பியைக் காட்டு, இந்த வாரம் என்ன எழுதினாய்?" என்று மட்டும் கேளுங்கள்.