குத்துறதும் ஆட்டத்துல சேர்த்தியா?

அமெரிக்கா, கனடாவுல நடக்குற பெரிய ஐஸ் ஹாக்கி லீக்கான என்எச்எல்ல ரெண்டு பேரு கிளவுஸ கழட்டிப் போட்டுட்டு மூஞ்சில மாறி மாறி குத்துவாங்க, ரெஃப்ரி பக்கத்துலயே நிப்பாரு, அஞ்சு நிமிசம் பெனால்டி பாக்ஸ்ல இருந்துட்டு திரும்ப ஆட வந்துருவாங்க. அந்த என்எச்எல் கிளிப்பெல்லாம் ஷேர் பண்ணி கைதட்டுற நம்மூரு பயலுவள்ட்ட கேக்கேன், தூத்தூர் கிரவுண்டுல ஃபுட்பால் ஆடும்போது ஒருத்தன் குத்துனா நேரா ரெட் கார்டுதானே மக்களே?

டெரிக் பூகார்டுன்னு ஒரு என்எச்எல் பிளேயர், சண்டை போடுறதுதான் டீம்ல அவருக்கு வேலையே. 2011ல 28 வயசுல வலி மாத்திரையும் மதுவும் சேந்து செத்துப்போனாரு, மூளைய சோதிச்சா தலைல திரும்பத் திரும்ப அடிபடுறதால வாற சிடிஇ நோய் இருந்துருக்கு. 28 வயசு! நெஞ்சு பதறுது.

2023ல ஆடம் ஜான்சன், இங்கிலாந்துல ஷெஃபீல்டு ஐஸ் ஹாக்கி மேட்ச்ல, சண்டைல இல்ல, ஆட்டத்துலயே இன்னொரு பிளேயரோட ஸ்கேட் பிளேடு கழுத்துல வெட்டி இறந்தாரு, அதுக்கப்புறம்தான் நிறைய லீக்ல நெக் கார்டு கட்டாயம் ஆச்சு. ஒரு உயிரு போனாத்தான் ரூல் வரணுமா?

ஒலிம்பிக்ஸ்ல சண்டை போட்டா மேட்ச விட்டே வெளிய. கனடாவுல கியூபெக் ஜூனியர் ஹாக்கி லீக்லயும் 2023லருந்து அப்படித்தான். தலையக் குறிவச்சு இடிக்கக் கூடாதுன்னு 2010லயே ரூல் போட்ட என்எச்எல், அதே தலைல முஷ்டியால குத்துறதுக்கும் ஆள வெளிய அனுப்பட்டும்.