புறாத்தீவில் கிளை முருகைக்கல் பிரித்தறிதல்: இதுவரை வந்த தூரம்

கிளை விட்டு வளரும் முருகைக்கற்களை, அதாவது பவளங்களை, பேரினம் வரைக்குமாவது பிரித்துச் சொல்லவேண்டும் என்பதுதான் இந்த சீசன் இலக்கு. இடம் இலங்கையின் திருகோணமலைப் பக்கம் நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவு.

தண்ணீரில் இறங்க முன்னம் கரையில்தான் அதிக நேரம் போனது. அங்கே மணலோடு உடைந்த முருகைக்கல்லும் குவிந்து கிடக்கிறது. செத்த துண்டில் சதையும் இல்லை, நிறமும் இல்லை. படிக்கத் தோதானது அதுதான். 2003 முதல் தேசியப் பூங்கா என்பதால் ஒரு துண்டும் வீட்டுக்கு வராது. பத்து மடங்கு லென்ஸை வைத்துப் பார்ப்பேன், போனில் படம் எடுப்பேன், எடுத்த இடத்திலேயே வைப்பேன்.

முதலில் பார்ப்பது கிளையின் நுனி. அதன் நடுவில் தனியாக ஒரு துளை, பக்கங்களில் மேல்நோக்கிச் சாய்ந்த சின்னக் கிண்ணங்கள் என்றால் அக்ரோபோரா. துளை ஒவ்வொன்றிலும் குடியிருக்கும் சிறு உயிர்தான் பொலிப்பு; கிளையை நீட்டிக்கொண்டு போவது அந்த நுனிப் பொலிப்புத்தான். பக்கத்துக் கிண்ணங்கள் அதிலிருந்து அரும்பியவை. மான்கொம்பு, மேசை, புதர் என்று எந்த வடிவில் வளர்ந்தாலும் இந்த நுனி மாறுவதில்லை. அதனால்தான் மொத்த உருவத்தை நான் இப்போது கடைசியாகப் பார்க்கிறேன்.

நுனித்துளை இல்லை, மேலெல்லாம் பாலுண்ணி போலப் புடைப்புகள், அந்தப் புடைப்புகளின் மேலேயும் துளைகள் என்றால் பொசிலோபோரா. புடைப்பும் இல்லாமல், சொரசொரப்பான பரப்பில் மிகச் சிறிய துளைகள் அமுங்கிக் கிடந்தால் மொண்டிபோராவைச் சந்தேகிக்கலாம். ஊசி குத்தியது போன்ற துளைகளோடு வழுவழுப்பாக இருப்பது மில்லிபோரா. நெருப்பு முருகை என்பார்கள். உண்மையில் கல்முருகையே அல்ல, ஹைட்ரா வகை. தொட்டால் எரியும்.

உயிருள்ளதில் எனக்கு இன்னொரு துப்பும் கிடைத்தது: நண்டு. டிரபீசியா நண்டுகள் பொசிலோபோராவின் கிளை இடுக்கிலும், டெட்ராலியா நண்டுகள் அக்ரோபோராவிலும் குடியிருப்பவை. நுனி தெளிவாகத் தெரியாத படங்களில் இடுக்கைப் பெருப்பித்து நண்டைத் தேடுகிறேன்.

சிற்றினப் பெயர் இப்போதைக்கு எழுதுவதில்லை. பொசிலோபோரா டாமிகோர்னிஸ் என்று ஒரே பேரில் கிடந்ததையே 2014இல் மரபணுவும் பார்த்துத்தான் பல இனங்களாகப் பிரித்தார்கள். அலையடிக்கு ஏற்ப அதன் கிளை தடிக்கும், மெலியும். போன் படம் அதற்குக் காணாது. அடுத்த முறை ஒவ்வொரு கல்லுக்கும் முழு உரு, ஒரு கிளை, நுனி என மூன்று படம், பக்கத்தில் அளவுகோலோடு.